நாயோடு நடப்பது நகைப்புக்கு உரியதா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நமது தோட்டத்து வாலிபர் மன்றத்தின் கூட்டம் நடைபெற்றது. வழக்கமான காரியங்கள் முடிந்தபின், இளைஞர் ஒருவர் எழுந்து ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். பட்டணத்திலே பிராணிகளின் நலத்துக்கு நிதி திரட்டும் பொருட்டு நாய்களோடு நடக்கும் விழாவொன்று நடைபெறவிருக்கிறதென்றும், மன்றத்து நிதியினின்று அதற்கு 200 வெள்ளி கொடுத்து, விருப்பமுள்ள அங்கத்தினர் பத்துப் பேர் தத்தம் நாய்களுடன் அதிற் கலந்துகொள்ள வேண்டுமென்றும் அவர் கேட்டார்.

அவர் உட்காருமுன்னே சபை சிரித்தது. ஒரு பெரியவர், "தம்பி, நாயைப் பிடித்துக்கொண்டு நீ நடப்பாயா, உன்னைப் பிடித்துக்கொண்டு நாய் நடக்குமா?" என்றார். மற்றொருவர், "மனுஷனுக்கே வழியைக் காணோம், நாய்க்கு நடையாம், அதற்கு நன்கொடையாம்!" என்றார். தீர்மானம் வாக்கெடுப்புக்கே வரவில்லை. அடுத்த விஷயமாகத் திருவிழாவின் ஒலிபெருக்கிக்கும் மின்விளக்கு அலங்காரத்துக்கும் 600 வெள்ளி ஒதுக்கும் தீர்மானம் எடுத்துக்கொள்ளப்பட்டது. அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. ஏகமனதாக நிறைவேறியது.

அக்கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை எழுதினவர் நாமே. நாம் அன்று சிரிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அது உண்மையாகாது. நாமும் சிரித்தோம். சிரித்த வாய் மூடி வீடு திரும்பிய பின்னரே, எதற்காகச் சிரித்தோம் என்று யோசித்தோம். யோசிக்க யோசிக்க அந்தச் சிரிப்பு நமக்குக் கசந்தது. அக்கசப்பின் காரணத்தை வாசகர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்நடை என்பது யாது?

முதலில் இந்நடை யாதென்று அறிவோம்; அறியாமற் சிரிப்பது எளிது. பிராணிகளைக் காக்கும் சங்கமொன்று, ஒரு நாளையும் ஓரிடத்தையும் குறித்து, நாய் வளர்ப்போரை அழைக்கிறது. வருவோர் ஒரு சிறு கட்டணம் செலுத்திப் பெயர் பதிந்துகொள்கின்றனர். உற்றார் உறவினரிடமும் உடன் வேலை செய்வோரிடமும் "நான் நடக்கிறேன்; நீங்கள் இயன்றதைக் கொடுங்கள்" என்று கேட்டு நிதி சேர்க்கின்றனர். குறித்த நாளில் நாயும் நாயை உடையவருமாக இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரம் நடக்கின்றனர். சேர்ந்த பணம் கைவிடப்பட்ட பிராணிகளின் உணவுக்கும், மருந்துக்கும், தடுப்பூசிக்கும், கருத்தடைச் சிகிச்சைக்கும் போகிறது. இவ்வளவே விஷயம். இதில் மறைபொருளொன்றும் இல்லை.

ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், 1994-ஆம் ஆண்டில் பிராணிவதைத் தடுப்புச் சங்கத்தார் இத்தகைய நடை ஒன்றைத் தொடங்கினர். 'பத்து லட்சம் பாதங்களின் நடை' என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டனர். 1996 முதல் அது நாடு முழுமைக்கும் உரியதாயிற்று. நமது நாட்டிலும் இது புதுமையன்று. செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ மாணவர்கள் 'டோகத்தோன்' என்னும் பெயரில் இதுபோன்ற விழாவைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கின்றனர். நாளைக்கு மருத்துவராகப் போகும் பிள்ளைகள், படிப்பின் நடுவே நேரம் ஒதுக்கி, நாயின் பொருட்டுப் பொதுமக்களிடம் கை நீட்டினர். அப்பிள்ளைகளுக்கு இல்லாத வெட்கம் நமது மன்றத்துக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

முதலாவது ஆட்சேபம்

"மனிதன் பட்டினி கிடக்க நாய்க்குப் பணமா?" என்பதே முதலாவதாகக் கூறப்படும் ஆட்சேபம். இதை எளிதில் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. இதன் அடியிலே ஓர் உண்மையான புண் இருக்கிறது.

நமது பாட்டன்மார் இந்நாட்டுக்கு வந்த காலத்தில், துரை வீட்டு நாய்க்கு வேளை தவறாமல் இறைச்சி கிடைத்தது. லயத்திலே காய்ச்சலில் கிடந்த குழந்தைக்குக் கஞ்சி கிடைப்பது அரிதாயிருந்தது. துரையின் நாய் காரிலே பட்டணம் போயிற்று. கூலியாள் சைக்கிளில் துரைக்கு எதிரே வந்தால் இறங்கி நிற்கவேண்டியிருந்தது. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி மூலம் ஆள் சேர்ப்பது 1938-இல் நின்றது. ஆனால் அந்த நினைவு இன்னும் ஒழியவில்லை. 'நாய்' என்ற சொல்லே அக்காலத்தில் நம்மை அழைத்த பெயராயிருந்தது. ஆகவே நாய்க்கு உபகாரம் என்றவுடன் நமது பெரியோர் முகஞ்சுளிப்பதை நாம் குற்றம் கூறத் துணியோம்.

ஆயினும் ஒன்று கேட்கிறோம். அந்தக் குற்றம் துரையினுடையதா, நாயினுடையதா? இறைச்சியைப் பங்கிட்டது நாயா? லயத்தைக் கட்டினது நாயா? ஆள் கணக்கில் அரைநாள் குறைத்து எழுதியது நாயா? எசமானன் செய்த அநீதிக்கு அவன் காலடியிற் கிடந்த வாயில்லாச் சீவனைப் பழிவாங்குவது, தலைவலி வந்தவன் தலையணையை அடிப்பதற்கு ஒப்பாகும்.

மேலும், மனிதனுக்கு இரங்குவதும் பிராணிக்கு இரங்குவதும் ஒன்றுக்கொன்று பகையென்று கருதுவது சரித்திரம் அறியாதார் கூற்று. 1824-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரத்துக் காப்பிக்கடை ஒன்றிற் கூடிச் சிலர் உலகின் பழைமையான பிராணிவதைத் தடுப்புச் சங்கத்தை ஏற்படுத்தினர். அச்சங்கத்தை ஏற்படுத்தியவர்களுள் ஒருவர் வில்பர்போர்ஸ். அடிமை வியாபாரத்தை ஒழிக்கத் தம் வாழ்நாளைச் செலவிட்ட அதே வில்பர்போர்ஸ்தான். அக்கூட்டத்தைக் கூட்டிய ஆர்தர் புரூம் என்னும் பாதிரியார், சங்கம் பட்ட கடனுக்காகச் சிறையும் சென்றார். அன்றும் லண்டன் வீதியில் அவர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு.

இன்னும் கேளுங்கள். அமெரிக்க நாட்டில் ஹென்றி பெர்க் என்பார் 1866-இல் இத்தகைய சங்கமொன்றை நிறுவினார். 1874-இல் நியூயார்க் நகரில், வளர்ப்புத் தாயினால் நாள்தோறும் அடிபட்டுக் கிடந்த மேரி எல்லன் என்னும் சிறுமியை மீட்க ஒரு மாதரசி முயன்றார். யாரிடம் போயும் பயனில்லை. இறுதியில் அவர் போய்ச் சேர்ந்த இடம் பிராணிகளைக் காக்கும் சங்கத் தலைவரான பெர்க்கின் வாசல். அவரும் அவருடைய வழக்கறிஞரும் முயன்று அச்சிறுமியை மீட்டனர். அதன் பயனாகவே குழந்தைகளைக் கொடுமையினின்று காக்கும் சங்கம் அந்நகரிற் பிறந்தது. உலகில் அவ்வகைச் சங்கங்களுள் அதுவே முதலாவது. குதிரைக்கும் நாய்க்கும் இரங்கியவர்களே குழந்தைக்கும் முதலில் இரங்கினர். "மனிதனுக்கு முதலில்" என்று கூறிக்கொண்டிருந்தவர்கள் அப்போது எங்கேயிருந்தனரோ, நாமறியோம்.

நமது தமிழகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வடலூரிலே 1867-இல் பசித்த ஏழைகளுக்காக இராமலிங்க அடிகள் மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையவில்லை. அவரே எல்லா உயிரையும் தம்முயிர்போல் எண்ணும் சீவகாருண்யத்தை வாழ்நாளெல்லாம் போதித்தார். அவருக்கு அவ்விரண்டும் ஒன்றாகவே இருந்தன. சாமியின் படத்தைச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் நமக்கு மட்டும் அவை இரண்டாய்ப் போயின!

மேலே சொன்ன 600 வெள்ளியை எடுத்துக்கொள்வோம். "மனுஷனுக்கே வழியைக் காணோம்" என்ற பெரியவர், ஒலிபெருக்கிக்குக் கை தூக்கினபோது எந்த மனுஷனுக்கு வழி கண்டார்? நமது தோட்டத்திலே பள்ளிக்குக் கண்ணாடி வாங்க இயலாத பிள்ளை இல்லையா? மருத்துவமனைக்குப் போகக் கார்க்கூலி இல்லாத கிழவி இல்லையா? நாய்க்குக் கொடுக்காத 200 வெள்ளி அவர்களுக்குப் போயிருந்தால் நாம் வாய் திறவோம். போகவில்லையே! மனிதனைக் காரணங்காட்டி நாய்க்கு மறுப்பவன், பெரும்பாலும் மனிதனுக்கும் கொடுப்பதில்லை. கொடுக்கும் கை எங்கும் கொடுக்கும். மூடின கைக்கு நாய் ஒரு சாக்கு.

இரண்டாவது ஆட்சேபம்

"நாய் இழிந்த பிராணி, அதோடு ஊர்வலம் போவது நமக்கு அவமானம்" என்பது இரண்டாவது. இதைக் கூறுபவர்களுள் சீர்திருத்தம் பேசுவோரும் இருப்பதுதான் வியப்பு.

நாய்க்கு இந்த இழிவைக் கொடுத்தவர் யார்? மனுதர்ம நூலைப் புரட்டிப் பாருங்கள். சண்டாளர் எனப் பெயரிட்டு ஊருக்கு வெளியே துரத்தப்பட்ட மக்களுக்கு இன்னின்னதுதான் சொத்து என்று அந்நூல் வரையறுக்கிறது. நாயும் கழுதையும்! அதாவது, மனிதரில் யாரைத் தாழ்த்த விரும்பினார்களோ, அவர்களுடைய வாசலில் நாயைக் கட்டினார்கள். பிறகு நாயைக் காட்டி அம்மனிதரையும், அம்மனிதரைக் காட்டி நாயையும் இகழ்ந்தார்கள். மனுவைக் கொளுத்தவேண்டுமென மேடையில் முழங்கும் நண்பர், மேடையினின்று இறங்கியதும் மனுவின் கண்ணைக்கொண்டே நாயைப் பார்ப்பாரானால், அவர் கொளுத்தியது காகிதத்தை மட்டுமே.

நமது முன்னோர் எல்லோரும் அப்படிப் பார்க்கவில்லை. திருவண்ணாமலைச் சீமையில், செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தது. ஏறக்குறைய 1,400 ஆண்டுகள் ஆயின. அதிலே வீரனது உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதென்றும் கல்லில் எழுதியிருக்கிறார்கள். எண்ணிப் பாருங்கள்! அக்காலத்தில் வாழ்ந்து மடிந்த எத்தனையோ செல்வரின் பெயர் மண்ணோடு மண்ணாயிற்று. ஒரு நாயின் பெயர் நிற்கிறது. நன்றி மறவாத தமிழன் அதைக் கல்லில் வெட்டினான். அவன் வழிவந்த நாம், மன்றத்தின் குறிப்பேட்டில் நாய் என்ற சொல் ஏறுவதற்கே நாணுகிறோம்.

பக்திமான்களுக்கும் ஒரு வார்த்தை. பைரவருக்கு வாகனம் எதுவென்று அவர்களே அறிவர். பாரதக் கதையின் முடிவில் தருமன் வடதிசை நோக்கி நடக்கிறான். மனைவியும் தம்பியர் நால்வரும் வழியில் ஒருவர்பின் ஒருவராக வீழ்கின்றனர். கடைசிவரை உடன் நடந்தது ஒரு நாய். நாயை விட்டுவிட்டுத் தேரில் ஏறு என்கிறான் இந்திரன். அண்டினதைக் கைவிட்டுக் கிடைக்கும் சுவர்க்கம் வேண்டாம் என்கிறான் தருமன். இக்கதையை நம்புங்கள் என்று நாம் சொல்லவில்லை. நம்புகிறோம் என்பவர்களையே கேட்கிறோம்: நாயோடு நடந்த தருமனுக்குக் கோயில் கட்டிவிட்டு, நாயோடு நடக்கும் வாலிபனைப் பார்த்துச் சிரிப்பது எந்த நியாயம்?

நம்மோடு வாழும் முஸ்லிம் அன்பர்களுக்கு நாயைத் தொடுவது பற்றித் தனி விதிகள் உண்டு. அவை அவர்களுடைய மார்க்கத்தைச் சேர்ந்தவை; அவற்றுக்கு மரியாதை செய்வது நமது கடமை. நாயைக் கட்டுப்பாட்டில் வைத்து, பிறர் வாசலை அசுத்தப்படுத்தாமல், குறித்த இடத்தில் நடத்திச் செல்வதே அம்மரியாதை. ஆனால் அவ்விதியைக் காரணங்காட்டி நாம் நமது கொடுமையை மறைத்தல் ஆகாது. எந்த மார்க்கமும் பிராணியைப் பட்டினியிட்டு அடித்துக் கொல் என்று கூறவில்லை.

மூன்றாவது ஆட்சேபம்

"தெருநாய் கடிக்கிறது, வெறிநோய் வருகிறது, பிடித்துக் கொன்றால் தொல்லை தீர்ந்தது. இதற்கு நடை எதற்கு, நிதி எதற்கு?" என்பது மூன்றாவது. இவ்வாட்சேபத்தில் நியாயமான அச்சம் இருக்கிறது. வெறிநோய் விளையாட்டன்று. நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறத்தாழ இல்லையென்றே சொல்லலாம். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அது தலைகாட்டியது. 2017-இல் சரவாக்கில் பரவி மனித உயிர்களைக் குடித்தது; மாண்டவர்களுட் குழந்தைகளும் இருந்தனர். ஆகவே அஞ்சுவோரை நாம் இகழவில்லை.

ஆனால் கொலை அதற்கு மருந்தா? 2015-இல் பினாங்கில் தெருநாய்களைக் கொல்ல உத்தரவு பிறந்தது. பெருங் கூச்சல் எழுந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தார் நெடுநாளாகக் கூறிவருவது வேறு. ஓரிடத்து நாய்களில் 100-க்கு 70-க்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் வெறிநோய் அங்கே பரவும் வழி அடைபடும் என்பதே அவர்கள் கண்ட முடிவு. கொல்வதனால் மட்டும் அது அடைபடுவதில்லை. காரணம் கடினமானதன்று. ஊரில் குப்பையும் எச்சிற்சோறும் இருக்கும்வரை நாய்க்கு அங்கே இடம் இருக்கிறது. இருந்த நாயைக் கொன்றால் அவ்விடத்துக்கு ஊசி போடாத வேறொரு நாய் வருகிறது. பெட்டை நாய் ஒன்பது வாரத்தில் ஈனும். ஆண்டுக்கு இரண்டு முறையும் ஈனும். ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டிகள். கொல்கிறவன் கை ஓய்வதற்குள் அடுத்த ஈற்றுக் கண் திறந்துவிடுகிறது. ஆண்டுதோறும் பிடித்தும் ஆண்டுதோறும் குறையாதிருப்பதைக் கண்ட பின்னும் அதையே செய்வது பகுத்தறிவாகுமா?

சிங்கப்பூர் அரசாங்கம் 2018-ஆம் ஆண்டின் இறுதியில் வேறு வழியை மேற்கொண்டது. தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, வளர்ப்போர் கிடைத்தால் கொடுத்தும், கிடையாவிடில் தக்க இடத்தில் விட்டும் எண்ணிக்கையைக் குறைப்பது அவ்வழி. ஐந்தாண்டுகளில் 100-க்கு 70-க்கு மேற்பட்ட தெருநாய்களுக்குக் கருத்தடை செய்வதைக் குறிக்கோளாக வைத்தனர். இதற்குக் கத்தி வேண்டும், மருந்து வேண்டும், மருத்துவர் வேண்டும், பணம் வேண்டும். அந்தப் பணத்துக்காகவே சங்கங்கள் நடை நடத்துகின்றன. நடையைப் பார்த்துச் சிரிப்பவர், கடியைப் பற்றிப் புலம்ப உரிமை இழக்கிறார்.

இங்கே ஒரு வார்த்தையைத் தாய்மார்கள் மனத்தில் இருத்தவேண்டும். நாய் கடித்தாலும் நகம் பட்டாலும் மஞ்சளையும் சுண்ணாம்பையும் அப்பிவிட்டு மந்திரிக்கப் போகாதீர்கள். அக்கணமே ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்கு ஓடுங்கள். உயிர் காப்பது அதுதான்.

நமது குற்றம்

பிறர் குற்றம் பேசினோம். இனி நமது குற்றத்தைக் கூறாவிடில் இப்பேனாவுக்கு நாணயம் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், லயத்தில் நாய்கள் பெருகிவிட்டன என்று முறைப்பாடு எழுந்தது. அதனை ஆங்கிலத்தில் எழுதி மேலிடத்துக்கு அனுப்பியவர் நாம். ஆங்கிலப் பள்ளியிற் படித்ததனால் நமது கடிதத்துக்கு எப்போதும் மதிப்புண்டு, அன்றும் இருந்தது. நாய் பிடிப்போர் வரும் நாளைத் தமிழில் எழுதிப் பெரட்டுக் களத்துப் பலகையில் ஒட்டியவரும் நாமே. 'கட்டிவைக்காத நாய்கள் யாவும் பிடிக்கப்படும்' என்று நல்ல கையெழுத்தில் எழுதினோம். அந்நாளிலே, தனியாக வாழும் ஒரு மூதாட்டியின் கறுப்பு நாயும் அகப்பட்டது. அவருக்கு எழுத்துத் தெரியாது. பலகையில் என்ன இருந்ததென்று அவருக்கு வாசித்துச் சொல்ல வேண்டுமென நமக்குத் தோன்றவில்லை.

மாலையில் அவர் ஆபீசு வாசலில் வந்து நின்றார். அழவில்லை, ஏசவில்லை. "கிராணி ஐயா, என் மகன் போனதுக்கப்புறம் ராத்திரியிலே வாசல்லே படுத்திருந்தது அது ஒண்ணுதான். கட்டிவைக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் சீலையைக் கிழிச்சாவது கட்டியிருப்பேனே, ஐயா" என்றார். நாம் சட்டத்தைக் கூறினோம். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். மறுநாள் நாம் விசாரித்தபோது காலம் கடந்துவிட்டது.

அன்பர்களே, அந்தக் கும்பிடு இன்னும் நம்மைச் சுடுகிறது. ஓர் ஊசியும் ஒரு கழுத்துப்பட்டியும் ஒரு முழக் கயிறும் வாய்வார்த்தை ஒன்றும் அந்நாயைக் காத்திருக்கும். அவை எவற்றையும் செய்யாமல் கடிதம் மட்டும் எழுதினோம். மன்றத்திலே வாலிபர் தீர்மானம் கொண்டுவந்தபோது நாம் சிரித்ததும் அந்த மூதாட்டியின் நினைவை மறைத்துக்கொள்ளவே என்று இப்போது அறிகிறோம்.

நடையிலுள்ள குறைகள்

இவ்வாறு கூறுவதால், பட்டணத்து நடைகள் யாவும் குற்றமற்றவை என்று நாம் சாதிக்க வரவில்லை. குறை கூறவேண்டிய இடத்தில் கூறியே தீருவோம்.

சில நடைகளில் தருமத்தைவிடத் தளுக்கு மிகுதி. ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுத்து வாங்கிய சாதி நாய்களுக்குச் சட்டை போட்டுக் கண்ணாடி மாட்டிப் படம் பிடிப்பதிலேயே பொழுது போகிறது. பனிநாட்டிலே வண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கி நாயைக் கோலாலம்பூர் வெயிலில் தார்ச்சாலையில் நடத்துவது அன்பா, வதையா? நடை நடத்துவதானால் கதிரவன் ஏறுமுன் நடத்துங்கள், புல்தரையில் நடத்துங்கள், வழியெங்கும் தண்ணீர் வையுங்கள். உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். உங்கள் கை பொறுக்காத சூட்டை நாயின் கால் எப்படிப் பொறுக்கும்?

அதனினும் பெரிய குறை வேறொன்று. மனிதரில் சாதி இல்லையென்று சட்டம் செய்த காலத்தில், நாயிலே சாதி பார்க்கிறார்கள். குலம் கோத்திரம் எழுதிய பத்திரத்தோடு விற்கும் நாய்க்கு விலை. லயத்து நாய்க்குக் கல்லடி. சாதி நாயைக் குட்டியில் வாங்கி, வளர்ந்ததும் அலுத்துப்போய்ச் சங்கத்து வாசலில் கட்டிவிட்டுப் போகிறவரும் நடையின் முன்வரிசையில் நிற்பதுண்டு. சிங்கப்பூரிலே அடுக்குமாடி வீடுகளில் கலப்பின நாய்களையும் வளர்க்க வழிசெய்யும் திட்டம் 2012-இல் வந்தது. அதற்குமுன், தெருவில் எடுத்து வளர்த்த நாய்க்கு அவ்வீடுகளில் இடமில்லை. நமது தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் மாடி வீடுகளுக்குப் போனபோதும் இதுவே நடந்தது. லாரியில் கட்டில் ஏறிற்று, பானை ஏறிற்று, சாமி படம் ஏறிற்று. நாய் மட்டும் காலி லயத்தின் படியில் நின்று லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்நாய்களும் அவற்றின் குட்டிகளுமே இன்று 'தெருநாய்த் தொல்லை' எனப்படுகின்றன. தொல்லையைப் பெற்றவர் யார் என்பதை நாம் கூறவேண்டுமா?

மூன்றாவது குறை கணக்கு. பொதுமக்கள் கொடுத்த ஒவ்வொரு வெள்ளிக்கும் கணக்கு வெளியிடாத சங்கத்துக்கு ஒரு காசும் கொடாதீர்கள். எத்தனை நாய்க்குக் கருத்தடை செய்தீர்கள், எத்தனைக்கு ஊசி போட்டீர்கள், பந்தலுக்கும் பனியனுக்கும் எவ்வளவு போயிற்று என்று கேளுங்கள். கேட்பது பகையன்று. கோயிற் கணக்கைக் கேட்கவேண்டும் என்று கூறும் சீர்திருத்தக்காரன் நாய்க் கணக்கையும் கேட்கத்தான் வேண்டும்.

இக்குறைகளைக் காட்டி நடையே வேண்டாமென்போரும் உளர். மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவார் இல்லை. குறையைத் திருத்துவதற்கு உள்ளே நுழையவேண்டும். வெளியே நின்று சிரிப்பதால் எக்குறை திருந்தியது?

செய்யவேண்டுவன

இந்நாட்டில் 2015-இல் பிராணிகள் நலச் சட்டம் இயற்றப்பட்டு, 2017-இல் அமுலுக்கு வந்தது. பிராணியைக் கொடுமை செய்தவன் 20,000 வெள்ளியினின்று 100,000 வெள்ளிவரை தண்டம் இறுக்கவோ, மூன்றாண்டுவரை சிறை புகவோ, இரண்டையும் சேர்த்தே அனுபவிக்கவோ நேரும். நாயை வெந்நீர் ஊற்றி விரட்டுவோரும், குட்டிகளைக் கோணிப்பையில் கட்டிக் கால்வாயில் எறிவோரும் இதை நினைவில் வைப்பார்களாக. ஆயினும் சட்டத்துக்கு அஞ்சித் திருந்துவதைவிட வெட்கத்துக்கு அஞ்சித் திருந்துவது மேல்.

நமது மன்றத்தாருக்கு நாம் பணிவுடன் கூறுவது இது. அடுத்த கூட்டத்தில் அத்தீர்மானத்தை நாமே மீண்டும் கொண்டுவருவோம். 600 வெள்ளியில் 200 வெள்ளியை இதற்கு ஒதுக்குங்கள். ஒலிபெருக்கியின் சத்தம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் எச்சாமியும் கோபிக்காது. நமது வாலிபர் பத்துப் பேரும் லயத்து நாய்களையே கூட்டிச் செல்லட்டும். சட்டை வேண்டாம், கண்ணாடி வேண்டாம். குளிப்பாட்டி, ஊசி போட்டு, ஒரு கயிறு கட்டினால் போதும். சாதி நாய்களின் நடுவே நமது கறுப்பும் செவலையும் தலைநிமிர்ந்து நடப்பதைப் பட்டணத்தார் காணட்டும்.

நடை ஒரு நாள். பசி 365 நாள். ஆகவே நடந்து வந்ததும் வேலை முடிந்ததென்று எண்ணலாகாது. நடை நடத்தும் சங்கத்தாரிடம், நமது தோட்டத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரை அனுப்பிக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து தரவேண்டுமென்று கேட்போம். லயத்து நாய்களை எண்ணி, வீட்டுவாரியாகப் பதிவு செய்யும் வேலையை நாம் ஏற்றுக்கொள்கிறோம். ஆள் கணக்கு எழுதிப் பழகிய கை. நாய்க் கணக்கு எழுதுவதால் தேய்ந்துவிடாது. குப்பையை மூடிவைக்கும் பொறுப்பைத் தாய்மார் ஏற்கட்டும். நாய்க்குத் தண்ணீர் வைக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள். வாயில்லாச் சீவனுக்குத் தண்ணீர் வைத்துப் பழகிய பிள்ளை, நாளைக்குப் பெண்டாட்டியை அடிக்கக் கை ஓங்க யோசிப்பான்; தன் கீழே வேலை செய்யும் அயல்நாட்டுத் தொழிலாளியை நாயே என்று அழைக்கவும் யோசிப்பான். நம்மை அப்பெயரால் அழைத்த காலம் போயிற்று. நாம் பிறரை அப்பெயரால் அழைக்கும் காலம் வந்துவிட்டதே, அதைக் குறித்து எந்த மன்றத்தில் யார் தீர்மானம் கொண்டுவந்தார்கள்?

தோழர்களே! ஒரு சமூகத்தின் உயர்வை அது தன்னைவிட வலியவனிடம் எவ்வளவு பணிகிறது என்பதைக் கொண்டு அளக்கலாகாது. தன்னைவிட எளியதை எப்படி நடத்துகிறது என்பதைக் கொண்டே அளக்கவேண்டும். நமக்குக் கீழே எவரும் இல்லையென்று சொல்லிக்கொள்வதில் நமக்குப் பெருமை. அப்படியானால் கல்லடி பட்டு, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறதே, அது யார்?

அந்த மூதாட்டி இன்றும் நம்மைக் கண்டால் கும்பிடுகிறார். அடுத்த கூட்டத்துக்கு அவரையும் அழைக்கப்போகிறோம். பலகையில் ஒட்டும் அறிவிப்பை இம்முறை நாமே அவர் வீட்டு வாசலில் நின்று வாசித்துச் சொல்வோம். அவர் முன்னிலையிலே சிரிக்கத் துணிவுள்ளவர்கள் சிரிக்கட்டும்.